கார்பன் இரட்டை

என் தங்கைக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்றுதான். பெற்ற பிள்ளையைத் தன் கையாலேயே கொன்றாளா, இல்லையா?

ஈரல் கெட்டு அவள் பிள்ளை வாண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "மூலிகை கீலிகைன்னு ஏதாவது குடுத்தீங்களா?" என்று டாக்டர் கேட்டுத் தொலைத்தார். கேட்டவர் மறந்திருப்பார். பிள்ளை செத்த பிறகும் இவள் மறக்கவில்லை. சளிக்கென்று கடையில் வாங்கிய பொடியைத் தினமும் வெந்நீரில் கலக்கி, கொஞ்சியும் கெஞ்சியும் குடிக்கவைத்தவள் இவள்தான். அதில் கொஞ்சம் பொட்டலம் கட்டி என்னிடம் நீட்டினாள். "நீ பார்த்துச் சொல்லுக்கா. வேற யார் சொன்னாலும் நம்பமாட்டேன்."

செடிகளில் உள்ள விஷத்தை அளப்பதுதான் பரிசோதனைக்கூடத்தில் என் பிழைப்பு. மூலிகை வயலில் தானே முளைக்கும் ஒரு களை உண்டு. அறுக்கும்போது அதுவும் சேர்ந்து வந்துவிடும். அதன் விஷம் ஈரலைத் தின்றுவிடும்.

அந்த விஷத்தையே, சில அணுக்களை மட்டும் கனமாக்கிச் செய்து விற்கிறார்கள். நாங்கள் அதை இரட்டை என்போம். குணமெல்லாம் ஒன்றுதான், எடை மட்டும் சற்றுக் கூட. எந்திரம் அதை வைத்தே இரண்டையும் பிரித்துப் பார்க்கும். வேலை தொடங்கும் முன்பே இரட்டையை அளந்து பொடியில் விட்டுவிடுவோம். வடிகட்டும்போதோ உலர்த்தும்போதோ எவ்வளவு வீணானாலும் இரண்டும் ஒரே விகிதத்தில் வீணாகும். அதனால் கைதவறிவிட்டது என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

எனக்கோ அன்று சாக்குதான் தேவைப்பட்டது. திரையில் விஷத்தின் கோடு செங்குத்தாக ஏறி நின்றது.

பக்கத்து மேஜைக்காரரைப் பிடித்துக்கொண்டேன். எதையும் துல்லியமாகப் பார்ப்பவர் என்பதால் அவருக்குத் தராசு என்று பெயர் வைத்திருந்தோம். "நாம போட்டது ஹைட்ரஜன் இரட்டைதானே சார்? வடிகட்டறப்போ ஊத்தின அமோனியாவுல கன ஹைட்ரஜன் கழண்டு சாதாரணது ஒட்டியிருக்கும். இரட்டையே எடை குறைஞ்சு விஷமாத் தெரியுது."

அப்படியும் நடப்பதுண்டு. மற்ற நாளாக இருந்தால் தராசு இதற்கு ஒரு நக்கல் அடித்திருப்பார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஃப்ரீசரிலிருந்து வேறொரு குப்பியை எடுத்துவந்தார்.

"இது கார்பன் இரட்டை. மூலக்கூறோட எலும்பே கனம். எதுல போட்டாலும் கழலாது. இதை வச்சுப் பாரும்மா."

முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்தேன். அதே கோடு, அதே உயரம். தராசு என் தோளைத் தொட்டுவிட்டு நகர்ந்தார். கழிப்பறைக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

எந்திரத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது. எனக்குத் தெரியுமே! வாண்டு இனி வரப்போவதில்லை, இவளாவது மிஞ்சட்டும் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

தங்கை சமையலறையில் இருந்தாள்.

"பொடியில ஒண்ணும் இல்லடி. சுத்தமா இருக்கு."

அவள் அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தாள். "அப்போ நான் இல்ல. நான் இல்லல்லக்கா?" பிள்ளை போனதிலிருந்து கல்லாக இருந்தவள் அன்றுதான் ஓவென்று கதறினாள். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. செய்தது சரி என்றே நினைத்தேன்.

உள்ளே வாண்டுவின் தங்கை, எங்கள் குட்டி, இருமினாள்.

தங்கை புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அடுப்பில் தண்ணீர் வைத்தாள். மேல்தட்டில் பாத்திரங்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த டப்பாவை எடுத்தாள்.

"பாவம், ரெண்டு நாளா இருமுறா. பயந்துபோய் இதைத் தொடவே இல்லக்கா."

"அது பழசுடி. கொட்டிடு."

"சரி, இன்னிக்கு மட்டும் இதைக் குடுக்கறேன். நாளைக்குப் புதுசு வாங்கிக்கறேன்."

டப்பாவைத் திறந்து கரண்டியை உள்ளே விட்டாள். நான் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். பிடித்த வேகத்தில் கரண்டி கீழே விழுந்தது. அவள் என் கையைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள். அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"இப்பத்தானேக்கா இல்லைன்னு சொன்னே?" என்றாள்.