ஓட்டுநர் இருக்கையின் எடை

என்னை ஓட்டுநர் இருக்கையின் எடையாக நியமித்திருக்கிறார்கள். நிரந்தர வேலை. பி.எஃப். உண்டு.

எடை என்றால் வெறும் எடைதான். உயரம், அகலம், முழங்கால் எதுவும் கூடாது. இருக்கையும் அதில் உட்காரும் ஆளும் சேர்ந்து ஒரே புள்ளி. அந்தப் புள்ளி நான். சேர்ந்த முதல் வாரத்தில் முழங்கால்கள் போயின. பிறகு தோள். வாயை மட்டும் விட்டுவைத்தார்கள், சாப்பிடாவிட்டால் எடை குறைந்துவிடும் என்று. வீட்டில் மனைவி கொஞ்ச நாள் தேடினாள். "எங்க இருக்கீங்க?" என்பாள். "இங்கதான்" என்பேன். இப்போது பழகிவிட்டது.

எங்கள் தொழிற்சாலை கார் செய்கிறது. கார் ஓடும்போது நடுங்கும். எங்கே நடுங்கும், எப்படி நடுங்கும் என்று செய்வதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். செய்து முடித்தபின் தெரிந்துகொள்வது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அதனால் முதலில் காரின் மாடல் ஒன்றைச் செய்து, அதைத் தட்டிப் பார்ப்பார்கள்.

எங்கள் மாடியில் இரண்டு மாடல்கள் இருக்கின்றன.

ஒன்று முழு மாடல். மானேஜர் நாவுக்கரசு செய்தது. காரின் தகடு முழுவதையும் பொடிப்பொடிச் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் அதன் பக்கத்துச் சதுரத்தோடு கோத்திருக்கிறார். எதையும் விடவில்லை. சாம்பல் கிண்ணத்தின் அடியில் இருக்கும் திருகாணிகூட இருக்கிறது. அதனிடம் ஒரு கேள்வி கேட்டால் பதில் நிச்சயம் வரும். வருவதற்குள் கேட்டவர் ஓய்வு பெற்றுவிடுவார். பின் கதவைச் சரிபார்க்கிறேன் என்று ஞானசுந்தரம் அதற்குள் போனார். பொங்கலுக்கு முன் போனவர் இன்னும் வரவில்லை. கேன்டீனிலிருந்து சாப்பாடு உள்ளே போகிறது. தட்டு காலியாகத் திரும்பி வருவதால், நலமாக இருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறோம்.

இன்னொன்று அம்சவேணி மேடத்தின் மாடல். நான் வேலை பார்ப்பது அதில்.

அம்சவேணி மேடம் கோயம்புத்தூர்க்காரர். எவ்வளவு பெரிய காரையும் ஒரு மேசைமேல் கொண்டுவந்துவிடுவார். கையில் ஒரு பிளாஸ்டிக் கூடையோடு காரைச் சுற்றி வருவார். கண்ணாடி முன்னால் நிற்பார்.

"ஏனுங், நீங்க ஆடுவீங்களா?"

கண்ணாடி பேசாது.

"அப்ப வாங்க."

கூடைக்குள் போட்டுக்கொள்வார். இப்படியே கைப்பிடி, விளக்கு, வைப்பர், பெயின்ட். கடைசியில் கொஞ்சம் கம்பிகள் மிஞ்சும். கம்பியும் கம்பியும் சேரும் இடங்களில் ஸ்பிரிங் வைப்பார். மற்றவர்கள் அந்த இடங்களை இறுக்கிப் பற்றவைத்துவிட்டு ஏமாந்து போவார்கள். மேடம் ஏமாற மாட்டார். "ஒண்ணோட ஒண்ணு சேந்த எடத்துல கொஞ்சம் எளக்கம் இருந்தே தீருமுங்க. இல்லைன்னு சொல்றவங்க சும்மா சொல்றாங்க" என்பார். அவருக்குக் கல்யாணமாகிப் பல வருஷம்.

கழற்றியவற்றை அவர் தூக்கி எறிவதில்லை. அவை வராந்தா பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. புதிதாக ஒன்று வந்தால் வராந்தா ஓரடி நீண்டுகொள்ளும். ஹாரனுக்கு மட்டும் கோபம். கடந்து போகிறவர்களிடம் ஒரு தடவை சொல்லிக் காட்டும்.

அவற்றின் கனத்தையும் மேடம் விடுவதில்லை. ஒவ்வொன்றையும் நிறுத்து, அந்தக் கனத்தைப் பக்கத்திலிருக்கும் புள்ளியில் ஏற்றிவிடுவார். கண்ணாடியின் கனம் என்மேல்தான் இருக்கிறது.

"உருவம்தானுங்க போகுது. கனம் போகக் கூடாது" என்பார்.

இந்த மாடியில் எனக்குப் பெரிய மரியாதை ஒருவர்மேல்தான் என்றால் அது அவர்மேல்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று என் புள்ளியை மேடம் இரண்டு விரற்கடை முன்னால் நகர்த்தி வைத்தார். "இங்க இருங்க சார், சௌக்கியமா இருக்கும்" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கீழ்த்தளத்தில் நிற்கும் நிஜ வண்டியிலும் இருக்கையை அதே அளவு நகர்த்தினார்கள். அதில் என் இடத்தில் ஒரு மணல் மூட்டை இருக்கிறது. என் எடைதான் அதற்கும். தீபாவளி முடிந்ததும் அதற்கு ஒரு கரண்டி மணல் சேர்ப்பார்கள். எங்களுக்குள் நல்ல பழக்கம்.

மாடலைச் சோதிக்கும் நாள் வந்தது. அன்று சாயங்காலச் சைரனுக்குள் தீர்ப்பு.

நிஜ வண்டியின் பாடியை ரப்பர் கயிறுகளில் தொங்கவிட்டுச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுவார்கள். அது ஒரு சுருதி கொடுக்கும். எங்கள் மாடலும் அதே சுருதி கொடுக்க வேண்டும். கொடுத்தால் மாடல் தேறியது. கொடுக்காவிட்டால் எங்கள் மாடலைக் கலைத்துவிட்டு, எங்களையெல்லாம் முழு மாடலுக்கு மாற்றிவிடுவதாக நாவுக்கரசு உத்தரவு போட்டிருந்தார். அங்கே புள்ளி வேலை கிடையாது. என்னை லட்சம் சதுரங்களில் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துத் தடவிவிடுவார்கள். ஞானசுந்தரத்துக்காவது தட்டுக் காலி செய்ய ஒரு வயிறு மிஞ்சியிருக்கிறது. எனக்கு அதுவும் மிஞ்சாது. எனக்குப் பயமாக இருந்தது. ஒளிப்பானேன்.

பகலில் கீழே தட்டினார்கள். ஒரு பாடி ஒரு தடவைதான் பதில் சொல்லும், இரண்டாவது தட்டுக்கு வாய் திறக்காது. அதனால் கவனமாகத் தட்டி, சுருதியை ஒரு தூக்குவாளியில் பிடித்து, மூடி போட்டு மாடிக்குக் கொண்டுவந்தார்கள். அம்சவேணி மேடமும் கூடவே படியேறி வந்தார். தூக்கைத் தளும்பாமல் மேசைமேல் வைத்தார்.

மூடியைத் திறந்தார். எங்கள் மாடலைச் சின்னச் சுத்தியலால் தட்டினார்.

இரண்டு சுருதியும் சேரவில்லை. ஊம், ஊம் என்று அலை அலையாக எழுந்து விழுந்தன. எங்களுடையது ஒரு இழை மேலே நின்றது.

"கனம் பத்தலைங்க" என்றார் மேடம்.

ஸ்பிரிங் ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பார்த்தார். எல்லாம் சரி. கூடையைக் கவிழ்த்துப் பார்த்தார். காலி. வராந்தாவுக்குப் போய்ப் பெஞ்சில் இருந்தவற்றிடம் கனம் கேட்டுவிட்டு வந்தார். எல்லாம் ஏறியிருந்தது.

"நான் வேணும்னா கொஞ்சம் கனமாகட்டுமா மேடம்?" என்றேன்.

அவர் பதில் சொல்வதற்குள் கேன்டீனில் சொல்லிவிட்டேன். ஒரு பாத்திரம் தயிர்சாதம் வந்தது. பாதிக்கு மேல் உள்ளே தள்ளினேன். மேடம் தட்டினார். சுருதி இம்மியும் மாறவில்லை. மிளகாய் வற்றலையும் சேர்த்துத் தின்றேன். மாறவில்லை. யானைப் பசிக்குச் சோளப்பொரி போட்டதாகக்கூடத் தெரியவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. ஒரு எடைக்கு அதைவிடக் கேவலம் வேறென்ன?

பெட்ரோல் டாங்க்கின் எடையாக இருப்பவர் தங்கமாரியப்பன். மாடலின் பின்பக்கப் புள்ளி. மதுரைக்காரர், அதிகம் பேச மாட்டார். அவர் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். உடனே சுருதி லேசாக இறங்கியது.

"இறங்குது மேடம்!" என்று கத்தினேன். "அண்ணே, இன்னும் குடிங்கண்ணே!"

"குடிப்பேன். குடம் எங்கய்யா?" என்றார் தங்கமாரியப்பன்.

"துப்புங்க" என்றார் மேடம்.

"என்னம்மா?"

"கீழ டாங்க்குல அந்தத் தண்ணி இல்லீங்களே. துப்பிருங்க."

"தேறாட்டி நம்மளப் பூராம் பிரிச்சிருவாய்ங்கம்மா."

"பிரிக்கட்டுமுங்க. இல்லாத கனத்தை ஏத்தக் கூடாதுங்க. இருக்கற கனத்தை விடக் கூடாதுங்க. எங்கியோ ஒரு கனத்தை நாந்தான் விட்டுட்டேன். அதைத் தேடறேன்."

தங்கமாரியப்பன் துப்பினார். சுருதி பழைய இடத்துக்கே ஏறிக்கொண்டது. வேறு யாராக இருந்தாலும் ஒரு சொம்புத் தண்ணீரோடு ஊர் வாயை மூடியிருப்பார்கள். மேடம் கூடையை எடுத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து மாடலைச் சுற்றி வந்தார். பயத்தின் நடுவிலும் எனக்கு அவரைப் பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

ஜன்னலில் வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. வராந்தாக் கோடியில் நாவுக்கரசு நடந்து வருவது தெரிந்தது. வராந்தா நீண்டிருந்ததால் கொஞ்ச நேரம் கிடைத்தது.

நான் யோசித்தேன். புள்ளிக்கு யோசிக்க இடம் குறைவு. ஒரே ஒரு யோசனைதான் கொள்ளும்.

"மேடம்."

"சொல்லுங்க சார்."

"கீழ தட்டும்போது நீங்க எங்க இருந்தீங்க?"

"உள்ளதானுங்க. எப்பவும் உள்ளதான். வெளிய நின்னா காதுலதான் கேக்குமுங்க. உள்ள உக்காந்தாத்தான் எலும்புல கேக்கும்."

"உள்ளன்னா எங்க?"

"டிக்கிக்கு முன்னால. பின் சீட்டோட கோடியில."

சொல்லிவிட்டு நின்றார். கூடை கையிலேயே இருந்தது.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். வைப்பரை நிறுத்தவர், பெயின்ட்டை நிறுத்தவர், திருகாணியை நிறுத்தவர், கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவரை நிறுக்கவில்லை. கேட்கிறவருக்கும் கனம் உண்டு என்பது எங்கள் யாருக்கும் தோன்றியதில்லை.

கேட்டபிறகுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கு உறைத்தது. யாருடைய கனம் மாடலில் ஏறுகிறதோ அவர் புள்ளியாகிவிடுவார். அதுதான் விதி. என் முழங்கால் போனது அதனால்தான்.

"விட்டுருங்க மேடம்" என்றேன். "தங்கமாரியப்பன் அண்ணன் ஒரு டம்ளர் குடிச்சிரட்டும்."

மேடம் தனக்குத்தானே கேட்டார். "ஏனுங் அம்சவேணி, நீங்க ஆடுவீங்களா?"



"ஆடுவனுங்க" என்று அவரே சொல்லிக்கொண்டார். "அப்பக் கூடைக்குப் போக முடியாது. மாடலுக்குத்தான் போகணும்."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நிறுத்தார். வாட்ச், செருப்பு, கொண்டை ஊசி. ஒவ்வொன்றையும் பெஞ்சுக்கு அனுப்பிவிட்டு, கனத்தைத் தன்னோடு வைத்துக்கொண்டார். கடைசியாகக் கூடை. அதைக் கொஞ்சம் யோசித்து மேசைக்கடியில் வைத்தார். "இது தட்டும்போது எங்கூட இல்லீங்க" என்றார்.

பிறகு தூக்கை மூடிவிட்டு மாடலின் பின்கோடிக்குப் போனார். அங்கே ஒரு புள்ளி வந்தது.

நாவுக்கரசு உள்ளே வந்தார்.

"ரெடியா?"

"ரெடி சார்" என்றேன்.

தூக்கின் மூடியைத் திறந்தார். சுத்தியலை எடுத்துத் தட்டினார்.

அலை இல்லை. ஒரே சுருதி. எது தூக்கிலிருந்து வருகிறது, எது மாடலிலிருந்து வருகிறது என்று பிரிக்க முடியவில்லை. நாவுக்கரசு தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார். அப்படியே நின்றார். அவர் முகம் சின்னப் பிள்ளை முகம்போல் ஆனது. அதற்காக அவரையும் மன்னித்துவிட்டேன். கிழக்குக் கூடத்தில் முழு மாடலுக்குள்ளிருந்து ஞானசுந்தரம் கைதட்டும் ஓசை வந்தது.

"இத்தனை கம்பியை வெச்சுக்கிட்டா?" என்றார் நாவுக்கரசு.

"ஆமா சார்."

"அம்சவேணி எங்க?"

"பின்னாடி இருக்காங்க சார்."

குனிந்து பார்த்தார். "தெரியலையே."

"பாத்தா தெரியாது சார். ஆடும்போது தெரியும்."

நாவுக்கரசு செருப்பைக் கழற்றி வராந்தாப் பெஞ்சில் மேடத்தின் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தார். வெறுங்காலோடு வந்து, முதல் தடவையைவிட மெதுவாக இன்னொரு தட்டுத் தட்டினார். மாடல் தேறியது என்று சொல்லிவிட்டுப் போனார். சைரன் ஊதியது.

மாடல் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் நான் முன்னால்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றுதான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். முன்கோடி ஏறி இறங்கியது. கூரை வளைந்து நிமிர்ந்தது. தங்கமாரியப்பன் கண்ணை மூடிக்கொண்டு தூளி ஆடுவதுபோல் ஆடினார். எல்லோரையும்விட அதிகமாக ஆடியது பின்கோடிப் புள்ளி.

என் எதிரே தயிர்சாதப் பாத்திரம். மிச்சமிருந்த தயிரின் மேல் ஆடை ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இருந்தது. நான் ஆடவில்லை. கார் முழுவதும் ஆடுகிறது, நடுவில் ஓரிடம் மட்டும் ஆடாமல் நிற்கிறது. அந்த இடத்தில் மேடம் என்னை வைத்திருக்கிறார். இரண்டு விரற்கடை. அதனால்தான் நான் எவ்வளவு தின்றும் சுருதி மாறவில்லை.

"மேடம்" என்றேன். "இங்க ஆடவே இல்லையே."

"தெரியுமுங்க சார்."

"அங்க?"

"நல்லா ஆடுதுங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "இடம் மாத்திக்கலாம் மேடம். நீங்க இங்க வாங்க."

"மாத்துனா சுருதி கெட்டுருமுங்க."

"எப்படி மேடம் அங்க இருப்பீங்க?"

"கொஞ்சம் பேசாம இருங்க சார்" என்றார். "எலும்பே இல்லீங்க. ஆனாலும் கேக்குது."

நான் அழுகையை நிறுத்தினேன். அழுதால் எடை குறையும். பாத்திரத்தை அருகே இழுத்து, ஓசை வராமல், மிச்சமிருந்த தயிர்சாதத்தைச் சாப்பிட ஆரம்பித்தேன்.