வெடிக்குப் பின் ஐந்து நிமிடம்

ஞாயிற்றுக்கிழமை கிணறு வெட்டும் வேலைக்கு லீவு. ஆனாலும் பெரியண்ணன் உடம்பு வலியோடு பாப்பிரெட்டிப்பட்டிக்கு பஸ் ஏறினான். முதியோர் கல்வி வகுப்புக்கு ஒரு கதைப் புத்தகம் தயாராகிக்கொண்டிருந்தது. நாற்பது வயதுக்கு மேல் எழுத்துப் படித்த அவன் திக்காமல் வாசித்துவிட்டால், திங்கட்கிழமை அது அச்சுக்குப் போய்விடும் என்று தமிழய்யா மாதேஸ்வரன் சொல்லியனுப்பியிருந்தார்.

பள்ளிக்கூடத்தில் அவனுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த மூன்று ஆசிரியர்கள் ஒரே நோட்டில் கதை எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஒரு பத்தி எழுதியதும் நோட்டு அடுத்தவர் கைக்குப் போகும். சென்னப்பன் என்று ஒரு கிணறு வெட்டுகிறவனின் கதை.

“கதைக்குள்ள கணக்கத் திணிக்காதீங்க, ஜமீர் சார்” என்றார் தமிழய்யா.

“நீங்க மட்டும் நெலாவத் திணிக்கலாமுங்களா?” என்றார் கணக்கு வாத்தியார் ஜமீர்.

“ரெண்டு பேரும் தள்ளுங்க, என் பாறைக்கு எடம் வேணும்” என்று நோட்டைப் பிடுங்கினார் அறிவியல் டீச்சர் வஹிதா.

சண்டைக்கு நடுவிலேயே ஒருவர் வித்தையை இன்னொருவர் வாங்கிக்கொண்டார். ஆழத்தைக் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் காட்டுவேன் என்றார் ஜமீர். நீளமான வாக்கியத்தை நானும் அப்படி முடிச்சு முடிச்சாகப் பிரித்துக் காட்டுகிறேன் என்றார் தமிழய்யா. இத்தனை படித்தவர்கள் கூச்சமில்லாமல் ஒருவரிடம் ஒருவர் கேட்டுப் படிப்பதைப் பார்த்துப் பெரியண்ணன் அசந்துபோனான்.

விரல் வைத்து வாசிக்க ஆரம்பித்தான். ஒரு வரியில் விரல் நின்றது. ‘வெடி வெடித்து ஐந்து நிமிடம் ஆனதும் சென்னப்பன் கிணற்றில் இறங்கினான்.’

“எழுத்துத் தெரியலீங்களா?” என்றார் தமிழய்யா.

“தெரியுதுங்க.”

எழுத்துக் கொடுத்தவர்களிடமே எழுதியது தப்பு என்று எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் நாளை அச்சாகிவிடும். அச்சில் இருப்பதை நம்பி எவனாவது இறங்குவான்.

“இப்படி எறங்குனா செத்துருவானுங்க, சார். என் மச்சினன் அப்படித்தான் போனானுங்க.”

ஜமீரின் முகம் வெளுத்தது. “கணக்கு மிச்சமில்லாம வரணும்னு அஞ்சு போட்டேனுங்க. எத்தன நிமிஷம் போடட்டும்?”

“நிமிஷமெல்லாம் கெடையாதுங்க. வேப்பங்கெளையக் கயித்துல கட்டி, மேலயும் கீழயும் வீசிப் பொகையக் கலைப்போம். அப்புறம் அரிக்கேன் வெளக்க எறக்குவோம். அணைஞ்சா ஒருத்தரும் எறங்க மாட்டோம்.”

“வருஷா வருஷம் எரியிற மெழுகுவத்தி மேல டம்ளரக் கவுத்து, காத்தில்லாம அணையறதக் காட்டுறேன்” என்றார் வஹிதா. “கெணறும் ஒரு டம்ளர்தான்னு எனக்குத் தோணலியே!”

ஜமீர் அந்த வரியை அடித்தார். “என் வகுப்புலயும் இதக் கேக்கப்போறேன். நிமிஷம் போடுறவனுக்கு முட்டை. வெளக்கப் பாக்கணும்னு எழுதுறவனுக்கு முழு மார்க்கு.”

தமிழய்யா நோட்டைப் பெரியண்ணன் பக்கம் நகர்த்தினார். “இந்தப் பத்தி உங்களுதுங்க.”

“நான் வாசிக்க வந்தவனுங்க!”

“நாங்க மூணு பேரும் கெணத்துல எறங்குனதே இல்லீங்களே.”

காய்த்துப்போன விரலுக்குள் பென்சில் நிற்கவில்லை. நாலு வரிக்கு அரைமணி நேரம் ஆனது. ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. அடுத்து எழுதும் முறை வஹிதாவுடையது. அவர் அந்த நாலு வரியை இரண்டு தடவை படித்தார்.

“வேப்பங்கெளைதான் வேணுமுங்களா? புங்கன் ஆகாதா?”

“எல அடர்த்தியா இருந்தாப் போதுமுங்க, டீச்சர்.”

அவர் அதையும் எழுதிக்கொண்டார்.