விசாலத்தின் டைமர்

“ஆமா, அந்தச் சிப்புல நீ செஞ்சது எதுடி?”

“நான் ஒண்ணும் செய்யல ஆச்சி. மத்தவங்க செஞ்சது சரியா ஓடுதான்னு பார்ப்பேன்.”

“அட, அடுத்த வீட்டுக் குழம்புக்கு உப்புப் பார்க்கிற வேலையா? அதுக்கா இத்தனை வருசம் யூனிவர்சிட்டி?”

கேட்டவள் கிள்ளானில் இருக்கும் விசாலத்தின் அக்காள் சிவகாமி. செட்டியார் வீட்டில் அக்காள்தான் ஆச்சி. சிரித்துக்கொண்டேதான் கேட்டாள், விசாலமும் சிரித்துவைத்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு கிள்ளானோடு நிற்காமல், பஸ் ஏறி, பிரிக்பீல்ட்ஸ் வாடகை அறைவரை அவளோடு வந்துவிட்டது. வருடம் ஒன்றாகியும் போகவில்லை.

பெட்டாலிங் ஜெயாவில், சிப் வடிவமைக்கும் சின்ன அலுவலகம் ஒன்றில் விசாலம் இளநிலை என்ஜினியர். அங்கே ஒரு சிப்பைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஆளுக்கு ஒன்றாகக் கொடுப்பார்கள். அதற்கு ‘பிளாக்’ என்று பெயர். மற்றவர்கள் எழுதிய பிளாக்கைக் கணினியில் ஓட்டிப் பார்த்துக் குறை சொல்வது விசாலத்தின் பங்கு. தனக்கும் ஒரு பிளாக் வேண்டும் என்ற ஆசை அவளுக்குத் தொண்டைவரை வரும். வாய்க்கு வராது. ‘நீ இதுவரை என்ன செய்திருக்கிறாய்?’ என்று மேனேஜர் வாசு திருப்பிக் கேட்டுவிட்டால் எதைக் காட்டுவது?

இந்த முறை, நேரத்தை எண்ணிச் சொல்லும் டைமர் பிளாக் கார்த்திகேசுவுக்குப் போயிற்று. அவளோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவன் அவன். அன்று மினி பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வரும்போது, அதே டைமரைத் தானும் செய்து பார்ப்பது என்று விசாலம் முடிவு செய்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல யார் இருந்தார்கள்?

சனிக்கிழமை அரைநாள் வேலை. மதியம் உடன் வேலை செய்யும் சீனப் பெண்கள் கும்பலாகப் படத்துக்குக் கிளம்புவார்கள். கார்த்திகேசு மோட்டார் சைக்கிளில் பறந்துவிடுவான். பிறகு ஏர்கான் இரைச்சலும் அவளும்தான். படிப்பு தலையில் இருந்தது, கைக்கு இறங்கவில்லை. எண்ணிக்கை முடிவதற்குள் டைமர் மணியடித்தது. அதைத் திருத்தினால் நிற்கவே மறந்தது. வாரக்கணக்கில் எழுதினாள், அழித்தாள்.

ஒருவழியாக முடித்து ஓட்டியபோது திரை முழுக்க எக்ஸ். ‘இந்த இடத்தில் இருப்பது ஒன்றா சுழியா, எனக்குத் தெரியாது’ என்று கணினி கைவிரிக்கும் அடையாளம் அது. யோசித்துப் பார்த்து, ‘எல்லாம் சுழியில் தொடங்கட்டும்’ என்று ஒரு வரி சேர்த்தாள். எக்ஸ் மறைந்தது. டைமர் பிசகாமல் எண்ணியது! நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து திரும்பினாள். காலி மேசைகள் அவளைப் பார்த்தன.

கீழே ஓடிப் பொதுத் தொலைபேசியில் காசு போட்டாள்.

“ஆச்சி, என் டைமர் ஓடிடுச்சு!”

“கடிகாரம் ரிப்பேரா? நல்லதா ஒண்ணு வாங்கிக்க வேண்டியதுதானே? இந்தா, நாளைக்கு வெள்ளனவே வந்துரு. தெலுக் பங்லிமா காராங்லேருந்து உன்னைப் பொண்ணு பார்க்க வர்றாங்க.”

பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில், குடும்பங்களுக்கு நடுவே ஒற்றை இலை போட்டு உட்கார்ந்தாள். சோறு இறங்கவில்லை. அந்த ஒரு வரி உறுத்தியது. கணினி சொன்னால் கேட்கும். நிஜச் சிப்பிடம் யார் போய்ச் சொல்வது? மின்சாரம் வந்த கணத்தில் அதன் ஒவ்வொரு மூலையும் தன் இஷ்டப்படி அல்லவா விழித்துக்கொள்ளும்? எல்லாவற்றையும் சுழிக்குக் கொண்டுவர ‘ரீசெட்’ கம்பி ஒன்று வேண்டும். தான் செய்தது வடிவமைப்பு அல்ல, ஒப்பேற்றல். வெட்கமாகவும் இருந்தது, யாரிடமாவது சொல்லிச் சிரிக்க வேண்டும்போலவும் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை அந்த வரியை அடித்துவிட்டு, ரீசெட் கம்பியை வடிவமைப்பில் சேர்த்தாள்.

அதற்குப் பிறகுதான் கார்த்திகேசுவின் டைமர் அவள் மேசைக்கு வந்தது. எல்லாச் சோதனையிலும் தேறியது.

“டெஸ்டிங் அம்மா, பாஸ் போடுங்க லா. பசிக்குது.”

“கார்த்தி, சுழியில தொடங்கச் சொல்லி வெறும் வரிதான் எழுதியிருக்கே. ரீசெட் கம்பியே இல்லையே?”

“அதான் ஓடுதே!”

“கம்ப்யூட்டர்ல ஓடுது. சிப்புல கரண்ட் வந்தா இது எங்கேருந்து எண்ண ஆரம்பிக்கும்?”

அவன் தலையில் அடித்துக்கொண்டான். “அலாமாக்…”

சற்று நேரத்தில், விஷயம் தெரிந்து வாசு அவளை அறைக்குக் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

“நல்லவேளை நீ பார்த்தேம்மா. இது ஃபேக்டரிக்குப் போயிருந்தா அத்தனை சிப்பும் குப்பைதான். நீ டெஸ்டிங்ல இருக்கிற வரைக்கும் எனக்குக் கவலையே இல்ல லா. உன்னை அங்கேருந்து அசைக்கவே மாட்டேன்!”

பாராட்டாகத்தான் சொன்னார். ஆனால் நன்றி சொல்லிவிட்டு வெளியேறினால் இனி ஆயுசுக்கும் அந்த மேசைதான்.

“அது சரி,” என்றார் வாசு, “எல்லாம் பாஸாகியும் எப்படிக் கண்டுபிடிச்சே?”

“நானும் அதே தப்பைச் செஞ்சேன் சார்.”

“நீயா? எதுல?”

“டைமர்ல. சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து நானே ஒண்ணு செஞ்சு பார்த்தேன்.”

வாசு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “யார் செய்யச் சொன்னா?”

“யாரும் சொல்லல.”

வெளியே யாரோ கன்டனீஸில் ஏதோ சொல்ல, பலர் சேர்ந்து சிரித்தார்கள். விசாலம் நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டாள்.

“சார், அடுத்த பிளாக்கை எனக்குக் கொடுங்க.”