செண்பகவல்லிக்குப் பெயர் சொன்னவன்

ஆறாம் புத்தகத்தில் யானை மிதித்துச் செத்துப்போன மந்திரி, பதினான்காம் புத்தகத்தில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். ராஜமதிக்குப் பொறுக்கவில்லை. வீட்டு வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுச் செஞ்சி பஜாருக்கு விரைந்தாள்.

பஜாரில் சிலேட்டும் நோட்டும் புத்தகமும் விற்கிற கடை நீலாவதியுடையது. மதியத்தில் கூட்டம் இருக்காது. 'ஏழ்கடல் வாசல்' என்ற மாயாஜாலக் கதை வரிசையில் புதுப் புத்தகம் வந்துவிட்டால், ராஜமதி முதலில் வீட்டில் ஒரு முறை படித்துவிட்டு, பிறகு கடைக்கு வந்து உரக்கப் படிப்பாள். நீலாவதி எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள் என்பதால் கேட்பதோடு சரி.

"அந்த ஆளுதான் செத்துட்டாரே?" என்றாள் நீலாவதி.

"அதான் நானும் கேக்கறேன். ஆறாவதுல நாப்பத்தி மூணாம் பக்கம். கூழாயிட்டாரு."

"எழுதுறவருக்கு மறந்துபோயிருக்கும்."

"அவரு மறக்கமாட்டாரு அக்கா. இதுல ஏதோ சூழ்ச்சி இருக்குது. பாத்துக்கினே இருங்க."

இரண்டு புத்தகங்களுக்கு நடுவே ஐந்தாறு மாதம் ஓடிவிடும். அதற்குள் யார் யாருக்கு என்ன சாபம் என்பது நீலாவதிக்கு மறந்துவிடும். அவளுக்குச் சொல்வதற்காகத்தான் ராஜமதி ஒரு நீள நோட்டில் குறிக்க ஆரம்பித்தாள். முடியாமல் நிற்கிற ஒவ்வொரு சங்கதிக்கும் ஒரு பக்கம். எந்தப் புத்தகத்தில் தொடங்கியது, அப்புறம் எங்கே தலைகாட்டியது என்று வரிசையாக எழுதுவாள். முடிச்சு அவிழ்ந்தால் சிவப்புப் பென்சிலால் கோடு. அறுபத்து நாலாம் வருஷம் தை பிறந்தபோது கோடு விழாத பக்கங்கள் இருபத்து மூன்று இருந்தன.

அவற்றில் அவள் அடிக்கடி புரட்டுவது செண்பகவல்லியின் பக்கம். ஓடக்காரனின் மகள். இரண்டாம் புத்தகத்தில் ஒரு சூனியக்காரி அவளை வெள்ளைக் கொக்காக்கி, அவள் பெயரையும் அவளே மறக்கும்படி செய்துவிட்டாள். யாராவது அவளுக்கு அந்தப் பெயரை ஞாபகப்படுத்தினால் சாபம் தீரும். பெயர் தெரிந்தவன் தகப்பன் ஒருவன்தான். அவனோ மகள் போன துக்கத்தில் பேச்சிழந்து ஊமையாகிவிட்டான். அதன்பிறகு ஒன்பதாம் புத்தகத்தில் இளவரசனின் படகு முனையில் ஒரு கொக்கு வந்து நின்றது. பன்னிரண்டில் ஒரு கொக்கு ஓடக்காரன் குடிசை வாசலில் ஒரு சாவியைப் போட்டுவிட்டுப் பறந்தது. ஆசிரியர் தாண்டவராயன் அவளை அடிமேல் அடிவைத்து வீட்டுக்கு அழைத்து வருகிறார் என்பது ராஜமதியின் நிச்சயம்.

பதினைந்தாம் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டிருந்தார்கள். அடுத்த புத்தகத்தோடு கதை முற்றும்.

"இருபத்து மூணு இருக்குது. ஒரே புத்தகத்துல எப்பிடி முடிப்பாரு?" ராஜமதிக்குச் சோறு இறங்கவில்லை. அன்றே உட்கார்ந்து ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதினாள். தன் நோட்டைப் பற்றிச் சொல்லி, இருபத்து மூன்றையும் புத்தகம், பக்கத்தோடு கேட்டிருந்தாள். புருஷன் சம்பவநாதன் பக்கத்து ஊரான வல்லத்தில் நிலத்தில் கடலை பயிரிட்டிருந்தார். போகிற வழியில் தபாலில் சேர்க்கச் சொன்னாள்.

அவர் உறையைக் கையில் தூக்கிப் பார்த்தார். "இன்னா ராஜமதி, என் தங்கச்சிக்குக்கூட இவ்ளோ பெரிய லெட்டர் நீ போட்டதில்லியே."

இரண்டு மாதம் பதில் இல்லை. பிறகு ஒரு கார்டு வந்தது. 'வெள்ளிக்கிழமை வருகிறேன். தங்கள் நோட்டைப் பார்க்க வேண்டும். தாண்டவராயன்.'

திண்டிவனம் பஸ்ஸிலிருந்து இறங்கியவர் ராஜமதி நினைத்ததுபோல் இல்லை. ஒல்லியாக, காதோரம் நரைத்து, துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். நீலாவதி கடையின் உள்ளே பெஞ்சு போட்டு உட்காரவைத்தாள். சம்பவநாதனும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"போன வருஷம் டைபாய்டு வந்து நாப்பது நாள் படுத்துட்டேம்மா" என்றார் தாண்டவராயன். "எழுந்து பார்த்தா பழசெல்லாம் துண்டு துண்டா நிக்குது. வீட்டுல இருந்த புத்தகத்தைக் கரையான் தின்னுடுச்சு. அச்சாபீசுலயும் முதல் அஞ்சு இல்ல. முடிச்சுடலாம்னு நான்தான் சொன்னேன். உங்க லெட்டர் வந்ததும் வெக்கமாப் போச்சு."

ராஜமதி நோட்டை நீட்டினாள். அவர் ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். மந்திரியின் பக்கத்தில் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அடுத்த பக்கம் வந்ததும் நெற்றியைச் சுருக்கினார்.

"லெட்டர்லயும் இந்தப் பேரைப் பார்த்தேன். செண்பகவல்லின்னா… யாரும்மா?"

ராஜமதி திகைத்துப்போனாள். "கொக்குங்க. ஒன்பதுல படகு முனையில வந்து நின்னுச்சே?"

"அதுவா?" அவர் தயங்கினார். "படகு வந்தா கொக்கு வரும்னு சும்மா எழுதுனதும்மா. அச்சு ஃபாரத்துல அஞ்சாறு வரி குறையுது, பக்கத்தை நெரப்பணும்னாங்க."

"சாவி?"

"அதுவும் அப்பிடித்தான் இருக்கும்."

ராஜமதி நோட்டை வாங்கி மூடினாள். எழுந்து கடையின் பின்கட்டுக்குப் போய்க் கிணற்றடியில் நின்றாள். இத்தனை வருஷமாக யாரோ ஒருவர் அந்தப் பெண்ணைப் பத்திரமாகக் கூட்டி வருகிறார் என்று நம்பியிருந்தாள். இப்போது பார்த்தால் யாருமே கூட்டி வரவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது.

உள்ளே நீலாவதியின் குரல் கேட்டது. "ஏங்க, அப்போ அந்தப் பொண்ணு கொக்காவே கெடந்து சாவணுமா? நீங்க மறந்துட்டீங்க, சரி. நாங்க மறக்கலியே."

அவர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. ராஜமதி முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போனாள். இரண்டாம் புத்தகத்தையும் பன்னிரண்டையும் எடுத்து வந்து அவர் மடியில் வைத்தாள்.

"படிங்க" என்றாள்.

தாண்டவராயன் படித்தார். மலைமேல் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டாம் புத்தகத்தில் சாவி விழும் இடம் வந்ததும் நிமிர்ந்தார்.

"ஏம்மா, மூணு மாசமா நான் அங்கதான் நிக்கறேன். இளவரசன் ஏழாவது வாசலுக்கு வந்துட்டான், திறக்கறதுக்குச் சாவி இல்ல. அது ஓடக்காரன்கிட்ட இருக்குதா!"

"எடுத்து வச்சிக்கினு இருக்கறாரு. யாரும் போய்க் கேக்கலை, அவ்ளோதான்."

"அப்போ இளவரசன் அங்க போவணும். போய், அவன்தான் அந்தப் பொண்ணைப் பேர் சொல்லி…"

"அவனுக்கு எப்பிடித் தெரியும் அவ பேரு?" ராஜமதி விடவில்லை. "அப்பனுக்குத்தான் தெரியும்."

"அப்பன் ஊமைன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"ஊமையாக்குனது நீங்க."

சம்பவநாதன் வாய்விட்டுச் சிரித்தார். தாண்டவராயனும் சிரித்தார். பையிலிருந்து காகிதத்தை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டு, "இப்பிடி வச்சா எப்பிடி இருக்கும்?" என்று தொடங்கினார்.

ராஜமதி சட்டென்று கையை உயர்த்தினாள். "எனக்குச் சொல்லாதீங்க. புத்தகத்துல படிச்சிக்கறேன்."

"எழுந்திருங்க சார்" என்றார் சம்பவநாதன். "நாங்க ஜைனருங்க. எங்க வீட்டுல பொழுது சாயறதுக்குள்ள சாப்ட்டுறணும். இருட்டுனா ஒண்ணும் கெடைக்காது."

தாண்டவராயன் இரண்டு நாள் தங்கினார். ராஜமதி நோட்டைக் கொடுக்கவில்லை. உட்கார்ந்து முழுவதையும் நகலெடுத்துக் கொடுத்தாள். முதல் ஐந்து புத்தகங்களை மட்டும் துணியில் கட்டிக் கொடுத்தனுப்பினாள்.

பதினாறாம் புத்தகம் ஐப்பசியில் வந்தது. இந்த முறை அவள் வீட்டில் படிக்கவில்லை. பிரிக்காமலே கடைக்குக் கொண்டுபோனாள். நீலாவதியை எதிரே உட்காரவைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். நூற்றுப் பத்தாம் பக்கத்தில் இளவரசன் ஓடக்காரனின் குடிசைக்கு வந்து சேர்ந்தான். வாசலில் கொக்கு நின்றது. தகப்பன் அதைப் பார்த்தான். வாயைத் திறந்தான், குரல் வரவில்லை. மறுபடி திறந்தான். பிறகு திரும்பி மலையேறினான். அந்தி சாயும்போது மடி நிறையச் செண்பகப் பூவோடு இறங்கி வந்து, கொக்கின் காலடியில் கொட்டினான்.

ராஜமதிக்கு மேலே படிக்க முடியவில்லை. இருநூறு தடவை எழுதிய பெயர், அதற்குள் ஒரு பூ இருப்பது அவளுக்கு இதுவரை தோன்றவே இல்லை.

"படி, படி" என்றாள் நீலாவதி மூக்கை உறிஞ்சியபடி. சிலேட்டுக் குச்சி கேட்டு வந்தவரிடம், "அப்பறம் வாங்க, இங்க ஒரு பொண்ணு வீட்டுக்கு வருது" என்று சொல்லி அனுப்பினாள்.

கதை அதோடு முற்றவும் இல்லை. இன்னும் நான்கு புத்தகம் என்று கட்டம் போட்டிருந்தது. அடுத்த வாரமே தாண்டவராயனின் கடிதம் வந்தது. பதினேழாம் புத்தகத்தை அச்சுக்கு முன்னால் ராஜமதியும் நீலாவதியும் ஒரு முறை படித்துக் குற்றம் கண்டுபிடிக்க வேண்டும், பட்டணம் வர முடியுமா என்று கேட்டிருந்தார்.

சம்பவநாதன் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். "இப்போ எப்பிடிப் போவ முடியும்? கடலை நிக்குது."

"பிடுங்கிட்டுப் போவலாம்" என்றாள் ராஜமதி. "நீலாவதி அக்காவும் கூட வந்து பிடுங்கறேன்னுது."

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் மூன்று பேருமாகக் கடலை பிடுங்க வல்லத்துக்குக் கிளம்பினார்கள்.