காலை ஏழரை மணிக் கேள்வி

கமுதியில் வேல்ராஜ் டீக்கடை வாசலில் ஒரு கரும்பலகை தொங்கும். தினமும் காலையில் அதில் ஒரு பொது அறிவுக் கேள்வி எழுதிவைப்பார். முதலில் சரியாகச் சொல்பவருக்கு டீயும் வடையும் இலவசம். என் வீட்டுக்காரர் பாண்டீஸ்வரன் நாற்பத்தோரு நாள் விடாமல் அந்த டீயைக் குடித்தார். பதில் எல்லாம் நான் சொன்னது.

கமிஷன் கடையில் எனக்கு மிளகாய் வத்தல் காம்பு கிள்ளும் வேலை. தரையில் பழைய பேப்பரை விரித்துத்தான் வத்தலைக் கொட்டுவார்கள். கை காம்பைக் கிள்ளும், கண் பேப்பரை மேயும். எட்டுக் கை உள்ள பேய்க்கணவாய்க்கு மூன்று இதயம், நண்டுக்கு ரத்தம் நீலம். எதற்கும் உதவாத விஷயங்கள்தான். ஆனால் புதிதாக ஒன்று கிடைத்துவிட்டால் அன்றைக்குக் கை எரிச்சலே தெரியாது. "இத வச்சு என்னடி செய்யப் போற?" என்பாள் பக்கத்தில் உட்காரும் மகேஸ்வரி. என்ன செய்ய? தெரிந்து வைத்துக்கொள்வதுதான்.

கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் இந்த மனுஷன் என்னிடம் கேட்டது இரண்டே கேள்வி. சோறு ஆச்சா, சட்டை எங்கே. அப்பேர்ப்பட்டவர் தினமும் ஏழரைக்கு டீக்கடைக்குப் பின்னால் ஒதுங்கி, பட்டன் போனில் என்னைக் கூப்பிடுவார். "பூமயிலு, இதுக்கு என்ன?" என்று குரலைத் தணித்துக் கேட்பார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிஷத்துக்காக அடுப்பை அணைத்துவிட்டுப் போனும் கையுமாக நிற்பேன்.

நாற்பத்தோராம் நாள் ராமநாதபுரத்திலிருந்து யூடியூப் சேனல்காரர்கள் வந்தார்கள். என்னைப் பற்றியும் அவர்களிடம் சொல்வதாகச் சொல்லிவிட்டுத்தான் இவர் போனார். சாயங்காலம் வீடியோ வந்தது. மகேஸ்வரியின் போனைச் சுற்றிக் கடையே கூடிவிட்டது. இவ்வளவு விஷயம் எப்படித் தெரியும் என்றதற்கு, சின்ன வயதிலிருந்தே படிப்பில் ஆர்வம் என்றார். வீட்டிலும் இதெல்லாம் பேசுவீர்களா என்று கேட்டாள் மைக் பிடித்த பெண். இவர் சிரித்தார்.

"அவளுக்கு என்னம்மா தெரியும்? வத்தக் காம்பு கிள்ளத் தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். வத்தல் கடையில் கண்ணில் தண்ணீர் வந்தால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

மறுநாள் ஏழரைக்குப் போன் வந்தது. எந்தப் பிராணியில் ஆண் குட்டி போடும் என்று கேட்டார். கடல் குதிரை. நம் மாவட்டத்து மண்டபம் கடலிலேயே கிடக்கிறது. நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினேன்.

"எனக்கு என்ன தெரியும்? நான் காம்பு கிள்றவ."

"வெளாடாத. ஆளுக வந்துருவாய்ங்க, சொல்லு."

"தெரியாதுங்க."

வைத்துவிட்டார். அடுத்த நாளும் கேட்டார், அதற்கடுத்த நாளும் கேட்டார். தெரியாது, தெரியாது. பிறகு, வேல்ராஜ் கேட்பதெல்லாம் ஒரு கேள்வியா என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு வேறு டீக்கடைக்குப் போக ஆரம்பித்தார்.

ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன். இப்போதும் ஏழரை ஆனால் கை தானாக அடுப்பை அணைக்கிறது. போன் அடிப்பதில்லை. இருட்டுகிற நேரத்துக்கு வந்து, சோறு ஆச்சா என்று கேட்பார். ஆச்சு என்பேன்.