அறையில் இருந்தவர்கள்

அறையில் இருந்தவர்கள்: ஆர்லிஸ் கோம்ப்ஸ், வயது அறுபத்தொன்று, நோயாளி. நெட்ரா, அவருடைய அக்கா. ட்வைலா ராட்லிஃப், பயிற்சிச் செவிலியர். க்வென் ஹாஸ், மேற்பார்வையாளர்.

நான்காவது பெயர் பொய். ட்வைலா அதைக் கணினியில் தட்டிக்கொண்டிருந்தபோது க்வென் மருத்துவமனை நடைக்கூடத்தின் மறுகோடியில் வேறொரு நோயாளியோடு இருந்தாள். ஐந்து வாரமாக இதுதான் நடைமுறை. ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு நோயாளி. குறிப்பில் மட்டும் இருவரும் ஒன்றாக உட்கார்ந்திருப்பார்கள். மேற்பார்வையாளர் கூட இருந்தால்தான் பயிற்சி மணிநேரம் செல்லும் என்பது பல்கலைக்கழகத்தின் விதி. விதி தெரிந்துதான் இருவரும் செய்தார்கள்.

ஐநூற்று நாற்பது மணிநேரம் முடித்தால் ட்வைலா தானே நோயைக் கணிக்கலாம், மருந்து எழுதலாம், மனநலப் பிரிவில் மருத்துவருக்கு அடுத்த நாற்காலியில் உட்காரலாம். இன்னும் பதினொரு மணிநேரம் பாக்கி. வெள்ளிக்கிழமை கடைசி நாள். தவறினால் பருவம் முழுவதும் வீண், மறுபடி மேற்பார்வையாளரைத் தேட வேண்டும். ஓஹையோவின் தெற்கு மூலையில் அறுபத்தொரு இடங்களுக்கு எழுதிப் போட்டதில் பதில் வந்தது க்வென்னிடமிருந்து மட்டும்தான். முதியோர் இல்லத்தில் பத்தொன்பது வருடம் இரவு வேலை பார்த்தவள் ட்வைலா. வசந்த காலத்தில் அதை விட்டிருந்தாள். ஆட்களைத் தூக்கித் தூக்கி முதுகுத்தண்டில் இரண்டு வட்டுகள் தேய்ந்துவிட்டன. திரும்பிப் போக அந்த முதுகு இடம் கொடுக்காது.

முந்தின நாள் க்வென் சொல்லியிருந்தாள்: "நீ கேட்டு எழுதுறதெல்லாம் தண்ணி மாதிரி இருக்கு ட்வைலா. ஆளு வாயத் திறக்கவே மாட்டேங்குறான் உன்கிட்ட. அடுத்ததும் இப்படியே இருந்துச்சுன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன், பாத்துக்க."

நெட்ரா உட்காரவே இல்லை. கையில் தொப்பியும் கையுறையும் கசங்கிக்கொண்டிருந்தன.

"நாயக் குடுத்துட்டான்மா இவன். சும்மா தூக்கிக் குடுத்துட்டான். நல்ல வேட்டை நாய். நவம்பர் மாசத்துல, வேட்டை சீசன்ல, யாராச்சும் வேட்டை நாயக் குடுப்பாங்களா?"

"வயசாயிருச்சு," என்றார் ஆர்லிஸ்.

"நாய்க்கு மூணு வயசுதான்டா!"

"எனக்குன்னு சொன்னேன்."

ட்வைலா சிரித்துவிட்டாள். அவரும் லேசாக உதட்டைக் கோணினார். முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். கண் மங்கியதால் ஓட்டுநர் உரிமத்தைப் பறித்தது போன கோடையில். மனச்சோர்வை அளக்க ஒன்பது கேள்வி உள்ள படிவத்தை ட்வைலா கொடுத்தாள். எல்லாவற்றிலும் பூஜ்யத்தை வட்டமிட்டு, பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தார். அந்தப் படிவத்தை நம்பினால் ஓஹையோவிலேயே சந்தோஷமான மனிதர் அவர்தான்.

நெட்ரா சிகரெட் பிடிக்க வெளியே போனாள். அறையில் இரண்டு பேர் மிச்சம்.

"நீ டாக்டராம்மா?"

"இல்ல சார், படிச்சுட்டு இருக்கேன்."

"இந்த வயசுலயா?"

"ஆமா. ஸ்கூல் பஸ்ஸத் தவற விட்டுட்டேன்."

இந்த முறை அவர் நிஜமாகவே சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் காலியாகிவிட்டது.

"நான் எதையாச்சும் சொன்னா மூணாவது மாடியில கொண்டுபோய்ப் பூட்டிருவீங்க. எங்க பக்கத்து வீட்டுக்காரன அப்படித்தான் செஞ்சீங்க."

இந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்பது ட்வைலாவுக்கு மனப்பாடம். முதல் பருவத் தேர்வில் அதற்கு முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள். உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால் நான் மறைக்க முடியாது, மற்றது எதுவானாலும் நம்மோடு இருக்கும். இரண்டு வாக்கியம். அதைச் சொன்னால் இவர் வாயை மூடிக்கொள்வார். குறிப்பு மறுபடியும் தண்ணீராகும்.

"என்கிட்ட சொல்லுங்க சார். இந்த அறையத் தாண்டாது."

அவர் சொன்னார். வியாழக்கிழமை நன்றி நாள் விருந்து, எல்லோரும் நெட்ரா வீட்டில் இருப்பார்கள், தன்னைத் தேட மாலைவரை யாருக்கும் தோன்றாது. எந்த இடம், எதை வைத்து, யாருக்கு எங்கே கடிதம், எல்லாம் சொன்னார். பேருந்து நிறுத்தங்களை வரிசையாகச் சொல்கிற மாதிரி சொன்னார். பிறகு கையை முழங்காலில் துடைத்துக்கொண்டு, "இப்பக் கொஞ்சம் லேசா இருக்கும்மா," என்றார்.

க்வென் கேட்டிருந்த குறிப்பு கிடைத்துவிட்டது. இவ்வளவு முழுமையாக ஐந்து வாரத்தில் யாரும் அவளிடம் பேசியதில்லை.

ட்வைலா போய்ச் சொன்னதும் க்வென் அறைக்கு வந்து ஆர்லிஸுக்கு எதிரே உட்கார்ந்து, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்டாள். இல்லை, என்றார். மறுபடி வேறு விதமாகக் கேட்டாள். இல்லை. சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை, ட்வைலாவைப் பார்த்தார். வாக்கைக் காப்பாற்றுகிறாளா என்று பார்க்கிற பார்வை.

வெளியே வந்ததும் க்வென் குரலைத் தாழ்த்தினாள். "என்கிட்ட இல்லன்னுட்டான். பிங்க் தாள்ல கையெழுத்துப் போடறவங்க தன் காதால கேட்டிருக்கணும். என் காதுல என்ன விழுந்துச்சு?"

ஒருவரை அவர் சம்மதமில்லாமல் மூன்று நாள் நிறுத்திவைக்கிற தாள் அது. இளஞ்சிவப்பு நிறம். பயிற்சியில் இருப்பவள் அதைத் தொடக்கூடாது.

"நான் கேட்டேன்ல," என்றாள் ட்வைலா. "வியாழக்கிழமைன்னு நாள் வச்சுட்டாரு."

"சரி, எழுது. நான் கூட இருந்தேன், நம்ம ரெண்டு பேருகிட்டயும் சொன்னான்னு எழுது. போட்டுடறேன்."

"அவரு வக்கீல் வச்சுக் கேட்டா? அவருக்கே தெரியும் நீங்க இல்லன்னு. தாள் செல்லாம வெளிய விட்டுருவாங்க."

"அப்ப வீட்டுக்கு அனுப்பு. அக்காவக் கூட இருக்கச் சொல்லு."

"அவசரப் பிரிவு டாக்டர்கிட்ட குறிப்ப எடுத்துட்டுப் போறேன், அவரும் அந்தத் தாள்ல கையெழுத்துப் போடலாம்ல. தனியா இருக்கும்போது என்கிட்ட சொன்னாருன்னு எழுதி."

க்வென் சுவரில் சாய்ந்தாள். பயிற்சி கொடுக்கிறவளின் தோரணை அவளிடமிருந்து போய்விட்டது. "தனியான்னு எழுதினா நான் அங்க இல்லன்னு ஆகுது. இன்னிக்கு இல்லன்னா மத்த நாளும் இல்ல. என் லைசென்ஸ்டி அது. உன்னோட மணிநேரமும் மொத்தமா போகும், இங்க போட்ட ஒவ்வொண்ணும். அறுவத்தோரு இடத்துல எழுதிப் பாத்தவ நீ. யோசி."

ட்வைலா யோசித்தாள். வீரமாக எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை. முதியோர் இல்லத்தின் படுக்கைகள் தோன்றின. ஒரு இரவுக்கு இருபத்தெட்டு பேர். அவர் பொய்கூடச் சொல்லியிருக்கலாம், வியாழக்கிழமை விருந்துக்கே போய்விடலாம் என்று ஒரு நிமிடம் தனக்குத்தானே வாதாடிப் பார்த்தாள். அவர் லேசாக இருக்கிறது என்று சொன்ன குரல் அந்த வாதத்தை முறித்துவிட்டது. முடிவு செய்துவிட்டவர்களுக்குத்தான் அப்படி லேசாக இருக்கும்.

கணினியில் உட்கார்ந்து நான்காவது பெயரை அழித்தாள். நெட்ரா வெளியே போயிருந்த நேரத்தையும் எழுதினாள். கீழே தான் கொடுத்த வாக்கையும் எழுதினாள், அந்த வார்த்தைகளிலேயே. க்வென் பின்னால் நின்று வாசித்துவிட்டுத் தன் அறைக்குப் போனாள். அவள் அறைக் கதவுக்குப் பின்னால் தொலைபேசியில் பல்கலைக்கழகத்தின் பெயர் கேட்டது.

அவசரப் பிரிவு மருத்துவர் சின்ன வயசுக்காரர். குறிப்பை நின்றபடியே படித்துவிட்டு ஆர்லிஸின் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"இவங்க எழுதியிருக்கறது உண்மையா சார்?"

"என்ன எழுதியிருக்கா?"

மருத்துவர் ட்வைலாவைப் பார்த்தார். அவள்தான் சொல்ல வேண்டும். சொன்னாள். வியாழக்கிழமை, இடம், கடிதம். அவர் சொன்ன வரிசையிலேயே, அவர் முகத்தைப் பார்த்தே. நெட்ரா வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆர்லிஸ் மறுக்கவில்லை. "அறையத் தாண்டாதுன்னியே," என்றார். அதட்டக்கூட இல்லை. கடைசி நிறுத்தத்தில் இறங்க மறந்த குழந்தையிடம் பேசுகிற குரல்.

"தப்பா சொல்லிட்டேன் சார்."

"நீ சொன்னதாலதான நான் சொன்னேன்."

"தெரியும்."

தன் காதாலேயே கேட்டுவிட்ட மருத்துவர் பிங்க் தாளில் கையெழுத்துப் போட்டார்.

பெல்ட், காலணிக் கயிறு, பாக்கெட் கத்தி, எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போயின. நெட்ரா கீழ்த்தளத்திலேயே தங்கிவிட்டாள். காவலர் முன்னால் நடக்க, ட்வைலா பின்னால் போனாள். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. கயிறில்லாத காலணி ஒவ்வொரு அடிக்கும் குதிகாலிலிருந்து நழுவியது. மின்தூக்கியில் மூவரும் எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மூன்றாவது மாடியில் வார்டு செவிலியர் கதவைத் திறந்து பிடித்திருந்தாள். உள்ளே யாரோ தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஆர்லிஸ் வாசலில் நின்றார்.

"நானும் வந்து உங்கள உக்கார வச்சுட்டுப் போறேன் சார்," என்றாள் ட்வைலா.

அவர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. வார்டு செவிலியரிடம் சொன்னார், "இந்தப் பொண்ண உள்ள விடாதீங்க. இதுக்கு மேல நான் யாருகிட்டயும் பேசறதா இல்ல."

உள்ளே போனார். கதவு மூடியது. பூட்டு விழுந்தது.