விற்ற வண்டிக்கு ஒரு பாலிசி

1

இந்தக் கதை எனக்கு ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் கிடைத்தது. என் வண்டியின் பாலிசியைப் புதுப்பிக்கப் போய், டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் தேவுடு காத்தேன். கவுண்டரில் இருந்த பெண் யாரிடமோ போனில், "வருஷத்துக்கு மூணு வண்டி மாத்துனா, பாலிசி எப்படிங்க பின்னாலயே ஓடிவரும்?" என்று கேட்டாள். அந்த ஒரு வரியைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மற்றதெல்லாம் என் சொந்தச் சரக்கு. கதை கட்டுவது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, தைரியமாகப் படியுங்கள்.

2

முதல் தொடக்கம்: வேகம் என்றால் அவனுக்கு ஒரு—

வேண்டாம். அவன் மெதுவாகத்தான் ஓட்டுவான். மாற்றுவதில்தான் அவசரம்.

இரண்டாவது தொடக்கம், இதுதான் நிற்கப்போகிறது: தம்பி மெடிக்கல் ரெப். நாளெல்லாம் வண்டியில்தான் இருப்பு. ஆனால் எந்த வண்டியும் அவனிடம் நாலு மாதம் தங்காது. அலுத்துவிடும், விற்பான், வேறு வாங்குவான். அக்கா இன்சூரன்ஸ் அலுவலகத்தில் குமாஸ்தா. ஒவ்வொரு முறையும் பாலிசியைப் புது வண்டிக்கு மாற்றுவது அவள் தலையில் விழும்.

"ஏன்டா, சட்டை மாத்துற மாதிரி வண்டிய மாத்துற?"

"சட்டைக்கு இன்சூரன்ஸ் கேக்க மாட்டாங்களேக்கா."

(அக்காவை முதலில் படு கறாரானவளாக எழுதினேன். ஒட்டவில்லை. அப்படி இருந்திருந்தால் அடுத்தது நடந்தே இருக்காது.)

3

பாலிசி போட, வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துத் தர வேண்டும். அன்றைக்குத் தம்பி வீட்டு வாசலில் இரண்டு வண்டிகள்: காலையில் வாங்கிய புதியது, சாயங்காலம் வேறொருவர் எடுத்துப்போகவிருந்த பழையது. தம்பி போன் பேசிக்கொண்டே பழையதில் தேய்த்துவிட்டான். அந்த எண்ணைப் புது வண்டியின் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டியது அக்காவின் வேலை. ஊருக்கெல்லாம் ஒப்பிடுவாள். நம்ம தம்பிதானே என்று அன்று அப்படியே போட்டுவிட்டாள்.

பதினோராம் நாள் புது வண்டி, ஏணியோடு சாலையைக் கடந்த ஒரு பெயிண்டரை இடித்தது. வண்டியின் முன்பக்கம் நசுங்கியது, தம்பிக்குச் சிராய்ப்பு. பெயிண்டருக்கு வலது தோள் நொறுங்கிவிட்டது; இனி ஒரு வருஷத்துக்கு பிரஷ்ஷைத் தூக்க முடியாதாம்.

4

மருத்துவமனை வராந்தா.

"அக்கா, பாலிசி போட்டுட்டல்ல?"

"போட்டேன். வித்த வண்டிக்கு."

அவனுக்குப் புரிந்ததும் முகம் செத்துவிட்டது.

"ஆபீஸ்ல விளக்கம் கேட்டிருக்காங்க. பாலிசி மாறிப்போனது யார் தப்புன்னு நாளைக்குள்ள எழுதித் தரணும்."

"என் மேல எழுதுக்கா. நான்தானே தப்பாத் தேச்சேன்."

(இங்கே அக்காவின் கண் கலங்கியதாக எழுதி, அடித்துவிட்டேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது.)

"பெரிய தியாகி இவரு. வண்டிக்காரன் தப்புன்னா கம்பெனி கைய விரிச்சிரும். அந்த பெயிண்டர் மனுஷனுக்கு ஒண்ணும் கிடைக்காது. ஆபீஸ் தப்புன்னு எழுதினாத்தான் அவருக்கு வழி."

"அப்போ உன் வேலை?"

"போயிரும்."

5

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அக்கா பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறாள், வேலை போகிறது, நான் நாலு பத்திக்கு அவளைப் புகழ்கிறேன். இன்னொன்றில் தம்பி மேல் எழுதுகிறாள். அவன் வண்டியை விற்றுப் பெயிண்டருக்கு— நசுங்கிய வண்டியை எவன் வாங்குவான்? மூன்றாவதில் மேலாளர் மனம் இரங்குகிறார். அதைக் கிழித்தே போட்டேன்.

முடிவு எழுத எனக்கு வராது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். முதல் இரண்டும் அச்சுக்குப் போகிற தரம்தான். ஆனால் எதை எழுதினாலும் என் வேலை போகாது, என் தோளும் வலிக்காது. அதுதான் உறுத்தியது, வெட்கமாகவும் இருந்தது.

ஆகவே நிறுத்திக்கொள்கிறேன். அக்காவின் மேசையில் அந்தத் தாள் இருக்கிறது. "தவறு நடந்தது" என்பது வரை எழுதியிருக்கிறாள். யாரால் என்பதை நீங்கள் எழுதுங்கள். எழுதிவிட்டு, கீழே உங்கள் கையெழுத்தைப் போடுங்கள்.